எந்த மெட்டு?

"மாமா, இந்தாளு ஏன் இப்படிக் கேக்குறாருன்னு பாருங்க" என்று போனை நீட்டினான் தங்கை மகன்.

போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறான். வெளியூர்ப் பார்ட்டிகளுக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்புவதும் அவன் தலையில்தான் விழுந்திருக்கிறது. மும்பைப் பார்ட்டி ஒருவர், புதிதாகப் பேச்சுக் கொடுத்தவர். அவருக்கு இவன் முதன்முதலாக அனுப்பிய செய்தி: "வீ ஹாவ் சென்ட் தி சாம்பிள் பை கூரியர்." பதில் இரண்டே சொல்: "விச் சாம்பிள்?"

சாம்பிள் போய்ச் சேர்ந்து, பிடித்துப்போய், ஒரு லாட்டுக்கு விலையும் பேசி முடித்துவிட்டார்கள். இவன் மறுபடி எழுதினான்: "வில் டெஸ்பாட்ச் லாட் டுடே." மறுபடி இரண்டே சொல்: "விச் லாட்?"

"தி போட்டாலும் எந்தச் சாம்பிள்ங்கிறாரு, போடாட்டியும் எந்த லாட்ங்கிறாரு. நான் என்னதான் செய்ய?"

டீ வந்தது. ஏலக்காய் ஊர்க்காரர்கள் நாங்கள். கடைக்காரர் கொடுத்தது இஞ்சி டீ. இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் பெரிய துரோகம் இல்லை. மலையிலிருந்து ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்ட வேலைக்குப் போன பெண்கள் தூக்குவாளியோடு இறங்கி நடந்தார்கள்.

"மாப்ள, உங்கம்மா 'மெட்டுக்குப் போயிட்டு வரேன்'னு சொன்னா எந்த மெட்டு?"

"போடிமெட்டுதான்."

"கம்பத்துல இருக்குற உன் சித்தி சொன்னா?"

"கம்பம்மெட்டு."

"எந்த மெட்டுன்னு எப்பவாச்சும் கேட்டிருக்கியா?"

"அதெதுக்கு? தெரிஞ்சதுதானே."

"யாருக்குத் தெரிஞ்சது? சொல்றவங்களுக்கா, கேக்குறவங்களுக்கா?"

டீயை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னான். "ரெண்டு பேருக்குந்தான்."

"அவ்வளவுதான் தி."

அவன் நம்பவில்லை. இருபது வருடமாகப் பயமுறுத்திய ஒன்று ஒரு மிடறு டீயில் முடிந்துவிடும் என்று யார்தான் நம்புவார்கள்? அதனால் விளக்க வேண்டியிருந்தது.

நம் பள்ளிகளில் இந்தப் பாடத்தை எப்படிச் சொல்லித் தருகிறோம்? ‘எ’, ‘ஆன்’ என்பவை குறிப்பிடாத பொருளுக்கு. ‘தி’ குறிப்பிட்ட பொருளுக்கு. நானும் அப்படித்தான் படித்தேன். வழவழப்பு அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை மாமன் வீட்டுப் பரணிலிருந்து எடுத்து, தூசி தட்டிப் படித்த தலைமுறை நாங்கள். (அந்த ரென், பம்பாய் மாகாணத்துக் கல்வித்துறையில் வேலை பார்த்தவர், பிறகு 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலை எழுதிப் பேர் வாங்கினார். நம் தாத்தாக்களை வினைச்சொல்லோடு மல்லுக்கட்ட வைத்தவர் அந்தப் பக்கம் பாலைவனப் போர்க் கதை எழுதியிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.)

‘குறிப்பிட்ட பொருள்’ என்ற இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. குறிப்பிட்டது என்றால் யாருக்கு? மருமகன் அனுப்பிய சாம்பிள் அவனுக்கு மிகக் குறிப்பிட்ட பொருள்தான். அவனே அள்ளினான், அவனே பாக்கெட் போட்டான், அவனே கூரியர் கடையில் நின்று ரசீது வாங்கினான். ஆகவே ‘தி’ போட்டான்; புத்தகத்தின்படி சரி. ஆனால் மும்பைக்காரருக்கு அப்படியொரு சாம்பிள் உலகத்தில் இருப்பதே அந்த நிமிடம்தான் தெரிய வந்தது. ‘தி’யைப் பார்த்ததும், ஏற்கெனவே பேசிய ஏதோ ஒரு சாம்பிளை இவன் சொல்கிறான் என்று நினைத்து, பழைய செய்திகளைத் தேடியிருப்பார். கிடைக்கவில்லை. கேட்டுவிட்டார்.

இரண்டாவது செய்தியில் கதை தலைகீழ். பேசி முடித்த லாட் இருவருக்கும் தெரியும். அங்கே ‘தி’ இருந்திருந்தால், ‘நாம பேசினோமே, அது’ என்ற பொருள் கூடவே போயிருக்கும். அது இல்லாததால் வேறு ஏதாவது லாட்டோ என்று அவருக்குச் சந்தேகம்.

ஆக, பொருளை எவ்வளவு பார்த்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. எதிரே இருப்பவர் தலையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் சொன்னவுடன் அவர் ‘எது?’ என்று கேட்கத் தேவையில்லை என்றால் ‘தி’. கேட்பார் என்றால், அல்லது எதுவாக இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்றால், ‘எ’.

"அப்ப நம்ம ஆளுக்கு இது வரவே வராது மாமா. தமிழ்ல தி கிடையாதே."

எல்லோரும் சொல்வது இதுதான். தமிழில் இல்லாததால் நமக்கு இது பிடிபடாது என்பார்கள். முதல் பாதி உண்மை. தமிழில் ஆர்ட்டிகிள் என்று தனியாக ஒரு சொல்வகை இல்லை. மெட்டு ஏறிப் போனால் வரும் மலையாளத்திலும் இல்லை. இந்தியில் இல்லை, ரஷ்ய மொழியில் இல்லை, சீனத்திலும் ஜப்பானியத்திலும் இல்லை. ஐரோப்பாவுக்கே இலக்கணம் சொல்லிக்கொடுத்த லத்தீனில்கூட இல்லை. எனவே இது நமக்கு மட்டும் வாய்த்த குறை என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் பாதி தவறு. ‘எ’யும் ‘தி’யும் செய்கிற கணக்கைத் தமிழன் பேசப் பழகும்போதே செய்யப் பழகிவிடுகிறான்.

நிரூபிக்க ஒரு பாட்டி போதும்.

"வடைக் கதை சொல்லு" என்றேன். டீக்கடையில் வைத்து இப்படிக் கேட்டதற்கு அவன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டான். பிறகு சொன்னான். ஒரு ஊர்ல ஒரு பாட்டி இருந்தாளாம். அந்தப் பாட்டி வடை சுட்டு வித்தாளாம். ஒரு காக்கா வந்து ஒரு வடையைத் தூக்கிட்டுப் போயிருச்சாம். மரத்துல போய் உக்காந்துச்சாம். அந்தப் பக்கமா ஒரு நரி வந்துச்சாம். காக்கா, நீ பாடுன்னுச்சாம் நரி. காக்கா வாயைத் திறக்கவும் வடை கீழ விழுந்திருச்சாம்.

"கடைசில 'ஒரு வடை கீழ விழுந்திருச்சாம்'னு சொல்லிப்பாரு."

சொல்லிப் பார்த்தான். சிரித்துவிட்டான். "வேற வடை மாதிரி இருக்கு."

நாலு வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொன்னாலும் ‘அது எந்த வடை?’ என்று கேட்டுவிடும். முதலில் வரும்போது ‘ஒரு பாட்டி’, ‘ஒரு காக்கா’, ‘ஒரு நரி’. அறிமுகம் ஆன பிறகு ‘அந்தப் பாட்டி’. அல்லது வெறும் ‘காக்கா’, வெறும் ‘நரி’, வெறும் ‘வடை’. ஆங்கிலத்தில் இந்தக் கதையைச் சொன்னால் ‘ஒரு’ வந்த இடங்களில் எல்லாம் ‘எ’ வரும், அறிமுகமான பிறகு எல்லாம் ‘தி’ வரும். வித்தியாசம் ஒன்றுதான். தெரிந்த பொருளைத் தமிழில் மொட்டையாக விட்டுவிடலாம். ஆங்கிலக்காரன் அதன் தலையில் ‘தி’ என்ற தொப்பியைப் போட்டே தீருவான். நாம் தொப்பி போடாததால் நமக்குத் தலையே இல்லை என்று ஆகிவிடுமா?

போடியில் இதற்கு இன்னொரு நல்ல சாட்சி இருக்கிறது, ரயில். மதுரையிலிருந்து போடி வரைக்கும் மீட்டர்கேஜ் பாதை 1928-ல் வந்தது. அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15-ல். நடுவில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இந்த ஊரில் யாரும் "ட்ரெயின் வந்துருச்சா?" என்று கேட்டிருக்க முடியாது. "போடிக்கு ஒரு ட்ரெயின் வராதா?" என்றுதான் ஏங்கினார்கள். இன்று "ட்ரெயின் வந்துருச்சா?" என்றால் யாரும் எந்த ட்ரெயின் என்று கேட்பதில்லை. ‘ஒரு ட்ரெயின்’ வெறும் ‘ட்ரெயின்’ ஆனதற்குள் ஒரு ‘எ’ ஒரு ‘தி’யாக மாறிய கதை இருக்கிறது.

இதுவரை சொன்னதில், தெரிந்த பொருளைத் தமிழ் மொட்டையாக விட்டுவிடும் என்றேன். அது முழு உண்மை இல்லை. ஓர் இடத்தில் தமிழ் கச்சிதமாகத் தொப்பி போடுகிறது. ஆனால் தலையில் போடாமல் காலில் செருப்பாக மாட்டுகிறது. அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

"ஏலக்காய் வாங்கிட்டு வான்னா என்ன செய்வே?"

"கடைல போய் வாங்கிட்டு வருவேன்."

"ஏலக்காயை வாங்கிட்டு வான்னா?"

இப்போது அவன் உடனே பதில் சொல்லவில்லை. "ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கோம். இல்ல, யார்கிட்டயோ குடுத்து வச்சிருக்கோம். அதைப் போயி வாங்கிட்டு வரணும்."

"நடுவுல என்ன கூடுச்சு?"

"ஐ."

இரண்டாம் வேற்றுமை உருபு. எட்டாம் வகுப்பிலிருந்து நம்மைத் துரத்தும் அதே ‘ஐ’. ‘பால் குடித்தான்’ என்பதில் ஐ மறைந்து வந்திருக்கிறது, ஆகவே இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஐ மறைந்தது என்று சொன்ன வாத்தியார், ஏன் சில சமயம் மறைகிறது, ஏன் சில சமயம் வெளியே வருகிறது என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. வீட்டில் அம்மாவுக்கு அது தெரியும். "பால் குடிச்சியா?" என்றால் இன்று பால் குடிக்கும் வேலை நடந்ததா என்று கேட்கிறாள். "பாலைக் குடிச்சியா?" என்றால் அரைமணி நேரத்துக்கு முன்னால் ஆற்றி மேசைமேல் வைத்த டம்ளர் அவள் மனதில் இருக்கிறது. நம் மனதிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டு விழும்.

இதைவிட நல்ல உதாரணம் கல்யாண வீடுகளில் உண்டு. "பொண்ணு பாக்கப் போனோம்" என்றால் அது ஒரு சடங்கு. எந்தப் பெண் என்பது அந்த வாக்கியத்துக்கு முக்கியமில்லை. வெற்றிலை பாக்கு, பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் அதில் அடக்கம். "பொண்ணைப் பாக்கப் போனோம்" என்றால், போன வாரம் புரோக்கர் போட்டோ காட்டினாரே, அந்தப் பெண். ஓர் உருபில் ஒரு குடும்பத்தின் நிலவரமே மாறிவிடுகிறது.

இந்த வித்தையைச் செய்வது தமிழ் மட்டுமல்ல. துருக்கி மொழியில் இதே மாதிரி தெரிந்த செயப்படுபொருளுக்குத்தான் உருபு ஒட்டும். பாரசீகத்தில் ‘ரா’, இந்தியில் ‘கோ’ கிட்டத்தட்ட இதே வேலையைப் பார்க்கின்றன. ஆர்ட்டிகிள் இல்லாத மொழிக்கும் ‘உனக்குத் தெரிந்த அதுதான்’ என்று சொல்லும் தேவை இருக்கிறது. அது தனக்குத் தோதான வேறு வழியைத் தேடிக்கொள்கிறது. பக்கத்தில் சிங்களத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. அங்கே தெரிந்த பொருளுக்கு ஒட்டு எதுவும் வேண்டாம், தெரியாத பொருளுக்குத்தான் பின்னால் ஒட்டு. புத்தகத்துக்கு ‘பொத்த’ என்றால் தெரிந்த புத்தகம். ‘பொத்தக்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ஆங்கிலத்தின் ‘எ’யைச் சொல்லின் வாலில் கட்டிவிட்ட மாதிரி.

ஆனால் மருமகனிடம் ஓர் எச்சரிக்கையும் சொன்னேன். ‘ஐ’ வந்த இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘தி’ போட்டுவிடக் கூடாது. மனிதர்களுக்கு நாம் பெரும்பாலும் ஐ போடுவோம். "பஸ்ல ஒரு ஆளைப் பாத்தேன்" என்பதில் ஐ இருக்கிறது, ஆனால் ஆள் யாரென்று கேட்பவருக்குத் தெரியாது, அங்கே ‘எ’தான். ‘ஒரு’வும் ‘ஐ’யும் சேர்ந்து வந்தால் ‘ஒரு’ சொல்வதைக் கேள். வடைக் கதையிலும் அதுதான்: "ஒரு வடையைத் தூக்கிட்டு" என்று வந்ததே, பாட்டி சுட்ட பல வடைகளில் ஏதோ ஒன்று. அங்கே ‘எ’. உயிரில்லாத பொருளில், ‘ஒரு’ இல்லாமல் ‘ஐ’ மட்டும் நின்றால், பத்துக்கு எட்டு தடவை நீ ‘தி’யை நம்பலாம் என்றேன். எட்டு என்பது என் கைக்கணக்கு. ஆராய்ச்சி ஒன்றும் இல்லை.

இரண்டாவது டீ சொன்னோம். "ரெண்டு டீ" என்றான் மருமகன். இதையும் விடவில்லை நான். டீ என்பது தண்ணீர் மாதிரி, எண்ண முடியாது என்று இலக்கணம் சொல்லும். கடையில் வந்து "ஒரு டீ" என்றால் டம்ளர் எண்ணிக்கை வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. ஏலக்காயும் இதே ஜாதி. மூட்டையாக, வியாபாரமாக, வாசனையாகப் பேசும்போது ஏலக்காய்க்கு ‘எ’யும் கிடையாது ‘தி’யும் கிடையாது: கார்டமம் இஸ் எக்ஸ்பென்சிவ். டீயில் தட்டிப் போட்ட ஒற்றைக் காய் என்றால் ‘எ’ வரலாம். கிடங்கில் இருக்கும், நாம் விலை பேசிய அந்தச் சரக்கு என்றால் ‘தி கார்டமம்’. நம் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது செய்யும் பெரிய தவறு இங்கேதான்: பயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, ‘தி நேச்சர்’, ‘தி லைஃப்’, ‘தி எஜுகேஷன்’ என்று உப்புப் போடுகிற மாதிரி எல்லாவற்றிலும் தூவிவிடுகிறார்கள். ‘இயற்கை அழகானது’ என்று தமிழில் மொட்டையாகத்தானே சொல்கிறோம்? ஆங்கிலத்திலும் மொட்டையாகவே விடலாம்.

"சரி, இது ரெண்டும் எங்கேருந்து மாமா வந்துச்சு? எவன் கண்டுபிடிச்சான்?"

யாரும் கண்டுபிடிக்கவில்லை. தேய்ந்து வந்தவை. ‘எ’, ‘ஆன்’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்ற எண்ணைக் குறித்த சொல்லிலிருந்து தேய்ந்தவை. ‘தி’ அந்த மொழியின் சுட்டுச் சொல்லிலிருந்து, நம் ‘அந்த’ மாதிரியான சொல்லிலிருந்து தேய்ந்தது. லத்தீனில் ‘அவன்’, ‘அந்த’ என்று சுட்டிய சொல் தேய்ந்துதான் பிரெஞ்சில் ‘ல’, ஸ்பானிஷில் ‘எல்’ ஆனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. அந்த மொழிகளில் கட்டெறும்பு ஆகிவிட்டது. நம்மிடம் ‘ஒரு’வும் ‘அந்த’வும் இன்னும் கழுதையாகவே, பொதி சுமந்துகொண்டு நிற்கின்றன. தொல்காப்பியம் சுட்டாக மூன்று எழுத்துகளைச் சொல்கிறது: அ, இ, உ. நாம் உகரத்தைத் தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் இன்றும் ‘உது’, ‘உந்த’ என்று பேசுகிறார்கள்.

தேய்மானத்தில் சில சமயம் பக்கத்துச் சொல்லும் கடிபடும். ஆங்கிலத்தில் ஏப்ரன் என்று சொல்கிறோமே, சமையல்காரர் இடுப்பில் கட்டுவது, அது முன்பு ‘நாப்ரன்’. ‘எ நாப்ரன்’ என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி, ‘ஆன் ஆப்ரன்’ என்று பிரித்துக்கொண்டார்கள். சொல்லின் ‘ந’வை ஆர்ட்டிகிள் விழுங்கிவிட்டது. இதைவிட நமக்கு நெருக்கமான களவு ஒன்று உண்டு. நம் நாரத்தை, நாரங்காய் குடும்பத்துச் சொல் சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’ ஆகி, பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஸ்பானிஷ்காரர்கள் ‘ந’வோடு வைத்துக்கொண்டார்கள். இத்தாலி, பிரான்ஸ் பக்கம் முதல் எழுத்து காணாமல் போனது. அவர்கள் மொழியின் ‘ஒரு’ அதை விழுங்கியது என்பது சொல்லாய்வாளர்கள் சொல்லும் காரணம். ‘ந’ போன அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய், கப்பலேறி, ‘ஆரஞ்சு’ என்று நம் பெட்டிக்கடை மிட்டாய் பாட்டிலுக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஊரில் ஏலம் என்றால் காயும் ஏலம், விற்பதும் ஏலம். விற்கிற ஏலம் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். ஏலத்தை ஏலம் விடுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல் வரலாறு பேசாமல் இருக்க முடியுமா?

‘எ’யா ‘ஆன்’னா என்பதற்குத் தமிழனிடம் ஆங்கிலக்காரனிடமே இல்லாத ஓர் ஆயுதம் இருக்கிறது. ஆங்கில எழுத்தைப் பார்க்காதே, அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார். முதலில் உயிரெழுத்து வந்தால் ‘ஆன்’. மெய்யோ உயிர்மெய்யோ வந்தால் ‘எ’. யூனிவர்சிட்டி: ஆங்கிலத்தில் உயிரில் தொடங்குகிறது, தமிழில் எழுதினால் ‘யூ’, ஆகவே ‘எ யூனிவர்சிட்டி’. ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் அவர்: ஆங்கிலத்தில் மெய்யில் தொடங்குகிறது, தமிழில் ‘அ’, ஆகவே ‘ஆன் அவர்’. எம்.எல்.ஏ., எஸ்.ஐ., எஃப்.ஐ.ஆர். எல்லாம் ‘ஆன்’. யு.பி.ஐ. பேமென்ட் என்றால் ‘எ’. ஓர் ஊர், ஒரு மலை என்று நாம் பிரிப்பதும் காதுக்கான இதே ஏற்பாடுதான்.

இதில் ஒரு வழுக்கல் உண்டு. நாம் பேசும்போது எகரத்துக்கு முன்னால் ஒரு யகரத்தை ஓட்டிவிடுவோம். "யெம்மெல்லே வந்தாரு" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு ‘எ யெம்மெல்லே’ என்றுதான் வரும். காதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். ‘தி’க்கும் இதே கதை: உயிரெழுத்துக்கு முன்னால்தான் அது ‘தி’, மற்ற இடங்களில் ஆங்கிலக்காரர் ‘த’ என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார். நாம்தான் மணியடித்த மாதிரி எல்லா இடத்திலும் ‘தி’ என்கிறோம். அதற்காக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

"பேருக்கு முன்னாடி?" என்றான்.

அதில் பாதி கணக்கு, பாதி மனப்பாடம். ஊருக்கு வேண்டாம்: போடி வெறும் போடிதான். தனிச் சிகரத்துக்கு வேண்டாம்: ஆனமுடிக்கு முன்னால் எதுவும் வராது. மலைத்தொடருக்கு வேண்டும்: தி கார்டமம் ஹில்ஸ், தி வெஸ்டர்ன் காட்ஸ். நீலகிரி மாவட்டத்துக்கு அரசாங்கமே ஆங்கிலத்தில் ‘தி நீல்கிரிஸ்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. ஆற்றுக்கு வேண்டும்: தி வைகை. ஏன் ஆற்றுக்கு உண்டு, ஊருக்கு இல்லை என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. வழக்கம். பத்திரிகைப் பெயரில் ‘தி’ ஒட்டிக்கொள்வதும் வழக்கம்தான்; 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ 2013-ல் தமிழ் நாளிதழ் தொடங்கியபோது அந்தத் ‘தி’யும் தமிழுக்குக் கூடவே வந்தது. சில ஆண்டுகளில் பெயர் ‘இந்து தமிழ் திசை’ என்று மாறி, ‘தி’ இறங்கிக்கொண்டது.

உச்சத்தைச் சொல்லும் சொற்களுக்கு ‘தி’ கட்டாயம் என்பதில் மட்டும் மனப்பாடம் தேவையில்லை. போடியிலும் வண்டன்மேடு பக்கம் புற்றடியிலும் மின்னணு ஏலம் முடிந்ததும் அன்றைய அதிகபட்ச விலை, சராசரி விலை என்று இரண்டு எண் வெளியாகும். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு நாள் அதிகபட்சம் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. தோட்டக்காரர்கள் இன்றும் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அன்றைக்கு அதிகபட்சம் என்பது ஒன்றுதானே இருக்க முடியும்? ஒன்றுதான் என்றால் ‘எது?’ என்ற கேள்வி எழாது. கேள்வி எழாவிட்டால் ‘தி’. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. அதில் ஐந்தாவது என்றால் ஐந்தாவது ஒன்றுதான். ‘தி ஃபிஃப்த் பெண்ட்’. முதலாவது, கடைசி, ஒரே, மிகப் பெரிய, எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு ஏன் சில சமயம் ‘தி’ வருகிறது, சில சமயம் வருவதில்லை என்ற கேள்வியை அவன் கேட்கவில்லை; நானே எழுப்பினேன், ஏனென்றால் விடை தமிழிலேயே கிடக்கிறது. "பையன் பள்ளிக்கூடம் போறான்" என்றால் படிக்கிறான் என்று பொருள். "நேத்து பள்ளிக்கூடத்துக்குப் போனேன்" என்றால் நாம் படிக்கப் போகவில்லை, டி.சி. வாங்கவோ கையெழுத்துப் போடவோ அந்தக் கட்டடத்துக்குப் போனோம். முதலில் உருபு இல்லை, இரண்டாவதில் ‘க்கு’ இருக்கிறது. ஆங்கிலம் முதலாவதை ‘டு ஸ்கூல்’ என்றும், இரண்டாவதை ‘டு தி ஸ்கூல்’ என்றும் சொல்லும். ஆஸ்பத்திரி விஷயத்தில் பிரிட்டிஷ்காரரும் அமெரிக்கரும் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை: படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு முன்னவர் ‘தி’ போடமாட்டார், பின்னவர் போடுவார். நாம் எதைப் போட்டாலும் பாதிப் பேருக்குச் சரி.

மருமகன் போனை எடுத்தான். முதல் செய்தியை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று அவனே சொன்னான்: "சாம்பிளை அனுப்பிட்டேன்னு எழுதிட்டேன். அவருக்குத் தெரியாதே. ஒரு சாம்பிள் அனுப்பியிருக்கேன்னுல்ல எழுதியிருக்கணும்." இரண்டாவதற்கு: "லாட்டை இன்னைக்கு அனுப்புறோம்." ‘ஐ’யை அழுத்திச் சொன்னான். பிறகு ஆங்கிலத்தில் தட்டினான், ‘தி’ போட்டு, லாட் நம்பரையும் சேர்த்து. நம்பர் போட்டபின் ‘தி’ இல்லாவிட்டாலும் அந்த மும்பைக்காரருக்குப் புரிந்திருக்கும். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஆர்ட்டிகிள் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் விதியை எழுதுவதற்கு முன்னால் ஒரு பிள்ளையை எழுப்பி வடைக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஒரு’ வரும்போதெல்லாம் மற்றப் பிள்ளைகள் ஒரு தட்டு தட்டட்டும். ‘அந்த’ வந்தாலும், ‘ஒரு’ இல்லாமல் ‘ஐ’ வந்தாலும் இரண்டு தட்டு. ரென்னும் மார்ட்டினும் அதற்கப்புறம் வரட்டும்.